சங்க மலர்களை எண்ணிமப் பொதுமத்தில் சேர்ப்பது எப்படி?

கொழும்பில் இயங்கும் தமிழ் மன்றங்களும், பழைய மாணவர் சங்கங்களும், கோயில் அறங்காவலர் சபைகளும் வெள்ளி விழா, பொன்விழா, கும்பாபிஷேகம் என ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு சிறப்பு மலரோடு கொண்டாடி வந்துள்ளன. சில நூறு பிரதிகள் அச்சாகி, வெளியீட்டு விழாவில் கைமாறி, பின்னர் அலுமாரிகளுக்குள் ஒதுங்கிவிடும் இம்மலர்களில், வேறெங்கும் பதிவாகாத ஊர் வரலாறும் தொழில் வரலாறும் தனிமனிதர் பற்றிய குறிப்புகளும் கிடக்கின்றன. எண்ணிமப் பொதுமத்தில், அதாவது எவரும் இணையத்தில் தேடி வாசிக்கவும் மீளப் பயன்படுத்தவும் கூடிய பொதுச் செல்வத்தில், இவற்றைச் சேர்ப்பதற்கு ஒரு சங்கச் செயலாளர் என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கு கூறப்படுகிறது. ஸ்கான் செய்வதே பெரிய வேலை எனப் பலர் எண்ணுகின்றனர். அனுமதி பெறுவதுதான் பெரிய வேலை. எழுதியவர்களுக்கு வயதேறிக்கொண்டிருப்பதால் அதனையே முதலில் தொடங்க வேண்டும்.

மலரைச் சங்கம் அச்சிட்டது என்பதற்காக, பெயரோடு வெளியான கட்டுரைகள் சங்கத்துக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிப்புரிமை ஆக்கியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் மேலும் 70 ஆண்டுகளும் நீடிக்கும். 1950 இல் மறைந்த ஒருவரின் கட்டுரையை இன்று எவரும் பயன்படுத்தலாம். 1983 இல் மறைந்தவரின் கட்டுரையோ 2053 வரை அவருடைய உரித்தாளர்களுக்கே உரியது. ஆகவே மலரின் பொருளடக்கத்தை முன்னே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் இருக்கிறாரா, மறைந்திருந்தால் எந்த ஆண்டில், பிள்ளைகள் எங்கே என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நிழற்படங்களுக்கும் அட்டை ஓவியத்துக்கும் இதே விதிதான், ஆனால் இவற்றைப் பட்டியலில் சேர்க்கப் பெரும்பாலானோர் மறந்துவிடுகின்றனர்.

அடுத்து, எந்த உரிமத்தைக் கேட்பது என்று சங்கம் தீர்மானிக்க வேண்டும். தம் ஆக்கத்தை எவரும் சில நிபந்தனைகளோடு பயன்படுத்தலாம் என ஆக்கியவர் முன்கூட்டியே அனுமதிப்பதற்கான ஆயத்த வாசகங்களே கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள்; 2002 டிசம்பரில் முதன்முதலாக வெளியான இவற்றின் 4.0 பதிப்பு 2013 இலிருந்து பயன்பாட்டில் உள்ளது. நம் எழுத்தாளர்களிடம் கேட்டால் அநேகமாக எல்லோரும் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தையே விரும்புவார்கள். தம் எழுத்தை வேறொருவர் அச்சிட்டு விற்றுவிடுவார் என்ற அச்சம் இயல்பானதுதான். எனினும் அந்தத் தடை, கட்டணம் வாங்கும் ஒரு வெள்ளவத்தை டியூட்டரி அக்கட்டுரையைப் பாடக்குறிப்பில் சேர்ப்பதையும், செலவை ஈடுகட்ட விலை வைத்து ஒரு சிறு பதிப்பகம் தொகுப்பு நூல் கொண்டுவருவதையும் ஐயத்துக்குள்ளாக்கிவிடுகிறது. விக்கிப்பீடியாவுக்கான படங்களையும் கோப்புகளையும் சேமிக்கும் விக்கிமீடியா பொதுவகமோ வணிகத் தடையுள்ள ஆக்கங்களை ஏற்பதேயில்லை. என் பரிந்துரை, ஆக்கியவரின் பெயரைக் குறிப்பிட்டால் எவரும் பயன்படுத்தலாம், ஆனால் மாற்றியமைத்து வெளியிடுபவர் அதே உரிமத்திலேயே வெளியிட வேண்டும் என்று கூறும் கிரியேட்டிவ் கொமன்ஸ் (சிசி) பிவை-எஸ்ஏ 4.0 உரிமமே.

இத்தகைய உரிமம் என்ன செய்ய வல்லது என்பதற்குக் கொழும்பிலேயே சான்று உண்டு. 2004 ஆழிப்பேரலையின் பின் இலங்கைக் கணினித் தன்னார்வலர்கள் எழுதிய சகானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் கட்டற்ற உரிமத்தோடு வெளியிடப்பட்டதாலேயே, 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும் 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின் போதும் அது அங்கெல்லாம் கைகொடுத்தது. ஒவ்வொரு முறையும் அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தால் அது நடந்திராது.

ஒன்றை மட்டும் முதியவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: கொடுத்த உரிமத்தைப் பின்னர் மீளப் பெற முடியாது. இதனைக் கேட்டபின் மறுப்பவரை வற்புறுத்தக் கூடாது. சம்மதிப்பவரிடம் வாய்மொழியோடு நின்றுவிடாமல் கையொப்பம் பெறுங்கள். உரிமம் எழுத்து மூலம் இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நிலைப்பாடும். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை:

“இன்ன ஆண்டில் வெளியான இன்ன மலரில் இன்ன தலைப்பில் நான் எழுதிய கட்டுரையின் பதிப்புரிமை எனக்குரியது. அதனைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் பிவை-எஸ்ஏ 4.0 சர்வதேச உரிமத்தின் கீழ் வெளியிடுகிறேன். என் பெயரைக் குறிப்பிட்டு எவரும் இதனை வணிக நோக்கிலும் பயன்படுத்தலாம் என்பதையும், இவ்வுரிமத்தை மீளப் பெற முடியாது என்பதையும் அறிவேன்.”

உரித்தாளர்கள் பலராயின் அனைவரும் ஒப்பமிட வேண்டும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள பிள்ளைகள் ஒப்பமிட்ட கடிதத்தை ஸ்கான் செய்து மின்னஞ்சலில் அனுப்பலாம். யாரையும் கண்டுபிடிக்க முடியாத கட்டுரையை ஸ்கான் செய்து சங்கத்தின் சேமிப்பில் மட்டும் வையுங்கள். அதற்காக முழு மலரையும் நிறுத்தி வைக்க வேண்டாம்.

ஸ்கான் செய்யும் வேலைக்கு வருவோம். கடற்காற்றுள்ள இந்நகரில் பழைய மலர்களின் கம்பிகள் துருவேறித் தாளோடு ஒட்டியிருக்கும். அவற்றை இழுக்காமல், நடுப்பக்கத்தில் மடிந்துள்ள முனைகளை மெல்லிய தகட்டால் நிமிர்த்திய பின் வெளியே எடுங்கள். தைத்துக் கட்டிய மலரை வெட்டவே கூடாது. 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் ஓர் ஏ4 பக்கம் 2480 × 3508 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 8.7 மெகாபிக்சல் கொண்டது. ஆகவே சீரான வெளிச்சமும் அசையாத தாங்கியும் இருந்தால் 12 மெகாபிக்சல் கைபேசிக் கமராவும் போதும். போட்டோகொப்பிக் கடையில் கொடுப்பதானால், கறுப்பு வெள்ளையில் வேண்டாம், வண்ணத்தில் 300 டிபிஐயில் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் கோப்பைச் சிறிதாக்கும் அமைப்பிலேயே எடுத்துத் தந்துவிடுவார்கள், நிழற்படங்கள் கரும்பட்டைகளாகிவிடும். சுருக்கப்படாத வண்ணப் பக்கம் ஒன்று சுமார் 26 மெகாபைட் என்பதால் 100 பக்க மலருக்கு 2.6 கிகாபைட் இடம் தேவை. அப்பக்கங்களைச் சுருக்காமல் டிஃப் வடிவக் கோப்புகளாக இரு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். வாசிப்புக்கு பிடிஎஃப் போதும்.

விளம்பரப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள். ஆசிச் செய்திகளை எல்லா மலர்களிலும் ஒரே வார்த்தைகளில் காணலாம், ஆனால் செட்டியார் தெரு நகைக்கடை எந்த ஆண்டில் எந்த இலக்கத்தில் இருந்தது என்பதை வரலாற்று மாணவர் அந்த விளம்பரத்தில் மட்டுமே காணக்கூடும். அங்கத்தவர் முகவரிப் பட்டியல் வேறு விடயம்: உயிரோடிருப்போரின் வீட்டு இலக்கமும் தொலைபேசி எண்ணும் உள்ள பக்கங்களைப் பொதுவில் வைக்கும் பிரதியில் மறைத்துவிடுங்கள். இந்நகரத்தில் தமிழர் முகவரிப் பட்டியல் எதற்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

தேடக்கூடிய எழுத்தாக மாற்றுவதற்கு டெசராக்ட் என்னும் திறந்த மூல எழுத்துணரி தமிழையும் வாசிக்கும். தமிழ்நாட்டில் 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பின்னரும் இலங்கை அச்சகங்களில் பழைய ணை, லை, னை வடிவங்கள் நீடித்தமையால், அம்மலர்களில் பிழைகள் மிகும். மெய்ப்புப் பார்க்க ஒருவரை ஒதுக்குங்கள். அச்சகத்தில் கணினிக் கோப்பே கிடைத்தால் அது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதனை இன்று இணையத்தில் வழங்கும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் செயலிகள் உண்டு, ஆயினும் இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழெழுத்தாக்கிக் குழப்பிவிடும் என்பதால் ஆங்கிலப் பகுதிகளை முன்னரே பிரித்து வையுங்கள்.

ஒவ்வொரு கோப்போடும் மலரின் பெயர், ஆண்டு, வெளியிட்ட சங்கம், அச்சகம், மலராசிரியர், எழுதியவர்கள், தெரிந்தால் அவர்களின் புனைபெயர்கள் ஆகியவற்றைத் தமிழில் எழுதிச் சேர்க்க வேண்டும். 2005 இல் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம், ஈழத்து வெளியீடுகளுக்கென்றே இயங்குவதால், அங்கே முதலில் கொடுப்பதே பொருத்தம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணையக் காப்பகத்தில் நீங்களே கணக்குத் திறந்து, உரிமத்தைத் தெரிவு செய்து பதிவேற்றலாம். விக்கிமீடியா பொதுவகத்துக்கு, ஏற்கெனவே அச்சில் வெளியான ஆக்கமாயின், உரிமையாளரின் அனுமதியை அதன் தன்னார்வலர் குழுவுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும்; பதிப்புரிமைக் காலம் முடிந்தவை இலங்கைச் சட்டப்படி மட்டுமன்றி அமெரிக்கச் சட்டப்படியும் கட்டற்றவையாக இருக்க வேண்டும் என்பதையும் அங்கே கவனியுங்கள்.

அடுத்த மலருக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டியதில்லை. கட்டுரை கோரும் கடிதத்திலேயே மேற்கண்ட சம்மத வாசகத்தைச் சேர்த்து, ஒப்பத்தோடு வரும் கட்டுரைகளையே ஏற்பது என்று மலர்க்குழு முடிவு செய்து, உள்ளட்டையில் வழக்கமாக வரும் “பதிப்புரிமை சங்கத்துக்கே” என்ற வரிக்குப் பதிலாக உரிமத்தின் பெயரையும் பதிப்பு எண்ணையும் அச்சிட்டால், விழா முடிந்த அன்றே பிடிஎஃப் கோப்பைப் பதிவேற்றிவிடலாம்.