மவுன்ட் ஆகாத லினக்ஸ் டிஸ்க்குல மொத பத்து நிமிஷத்துல பண்ணக்கூடாத வேலைங்க

போன வாரம் உசிலம்பட்டில இருந்து ஒரு தம்பி 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்க துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு வந்தான். "கரண்டு போயி வந்ததுல இருந்து மவுன்ட் ஆக மாட்டேங்குதுண்ணே, பேட் சூப்பர்பிளாக்னு வருது"ன்னான். அதாவது டிஸ்க்க தொறந்து ஃபைல பாக்க முடியல, ஃபைல் சிஸ்டத்தோட அடிப்படை வெவரம் இருக்குற எடம் (சூப்பர்பிளாக்) கெட்டுருச்சுன்னு சொல்லுது. டீ சொல்லிட்டு திரும்பிப் பாக்குறேன், பய என் சிஸ்டத்துலயே அத மாட்டி டெர்மினல்ல எஃப்எஸ்சிகே மைனஸ் ஒய் (ஃபைல் சிஸ்டத்த சரிபண்ற கமாண்டு) அடிச்சு வச்சு என்டர் மேல விரல வச்சிருக்கான். கையப் புடிச்சு இழுத்தேன்.

பேக்அப் இல்ல, கேபிள் லூசு, இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான், விட்டுர்றேன்.

ஒரிஜினல் டிஸ்க்லயே எஃப்எஸ்சிகே ஓட்டுறது

இதுக்கு மட்டும் எனக்கு இம்புட்டு கோவம் வர்றது ஏன்னா 2014ல நானே பண்ணேன். திருமங்கலத்துல ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரரு டிஸ்க், ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பேரு போட்டு தனித்தனி ஃபோல்டர். மைனஸ் ஒய் போட்டேன், மளமளன்னு ஓடி முடிஞ்சுது, மவுன்டும் ஆயிருச்சு, "அண்ணே முடிஞ்சுது"ன்னு போன் வேற போட்டுட்டேன். அப்புறம் தொறந்து பாத்தா ஃபோல்டர் பாதிய காணோம், லாஸ்ட்+ஃபவுண்டுக்குள்ள ஹேஷ் குறியும் நம்பருமா ஆயிரக்கணக்குல ஃபைலு. எது எந்த கல்யாணம்னு பொண்ணோட சேலை கலர வச்சு ஒவ்வொண்ணா பிரிச்சோம், பதினோரு நாளு, அதுலயும் ரெண்டு கல்யாணம் முழுசா வரல. காசு வாங்க வாய் வரல எனக்கு.

நடந்தது இதான்: ஈஎக்ஸ்டி4ங்குற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்துல ஃபைலோட பேரு டைரக்டரில (ஃபோல்டர்ல) இருக்கும், சைஸு, டேட்டா எங்க கெடக்குதுங்குற வெவரமெல்லாம் ஐநோடுங்குற பதிவுல இருக்கும். டைரக்டரி போச்சுன்னா எஃப்எஸ்சிகே பேரு இல்லாத அநாதை ஐநோடுகள பொறுக்கி லாஸ்ட்+ஃபவுண்டுல போடும், நம்பர்தான் பேரு. டிஸ்க்ல பேட் செக்டார் (கெட்டுப்போன எடம்) இருந்தா இன்னும் மோசம், ஐநோடு டேபிள்ல ஒரு பிளாக்க படிக்க முடியலன்னா 'மேல எழுதிரவா'ன்னு கேக்கும், நீங்கதான் மைனஸ் ஒய் போட்டாச்சே, கேக்குற எல்லாத்துக்கும் ஆமா. 4096 பைட் பிளாக்ல 256 பைட் ஐநோடு 16 உக்காந்திருக்கும், ஒரு ஆமால 16 ஃபைலோட வெலாசம் காலி. எஃப்எஸ்சிகேக்கு ஃபைல் சிஸ்டம் கணக்கு நேரானா போதும், ஒங்க கல்யாண போட்டோ பத்தியெல்லாம் கவலை கெடையாது.

அதனால மொதல்ல டிஸ்க்கோட உடம்பு எப்பிடின்னு சொல்ற ஸ்மார்ட்சிடிஎல்ல பெண்டிங் செக்டார் (படிக்க முடியாம நிக்கிற எடம்) எத்தனைன்னு பாருங்க, அப்புறம் டிடிரெஸ்க்யூ வச்சு வேற பெரிய டிஸ்க்குக்கு இமேஜ் (மொத்த டிஸ்க்கோட அச்சு அசல் காப்பி) எடுங்க. மொத ரவுண்டு மைனஸ் என், நல்லா இருக்குற எடத்தயெல்லாம் அள்ளிக்கிட்டு மோசமான எடத்த ரொம்ப சொரண்டாம விட்டுரும், அடுத்த ரவுண்டுல மைனஸ் ஆர் 3 போட்டு முரண்டு புடிக்கிறத மட்டும் திரும்பத் திரும்ப கேக்கலாம். எது வரைக்கும் படிச்சுதுன்னு குறிச்சு வைக்கிற மேப்ஃபைல் பேர குடுக்க மறக்காதீங்க, நம்ம ஊரு கரண்டுக்கு அது இல்லாம ஆகாது, நின்ன எடத்துல இருந்து தொடரும். இமேஜ இன்னொரு காப்பி போட்டு அந்த காப்பில எஃப்எஸ்சிகே ஓட்டுங்க, என்ன கூத்து வேணா அடிங்க.

"ரீட் ஒன்லியாத்தான மவுன்ட் பண்ணேன்"

ஈஎக்ஸ்டி4 ரீட் ஒன்லி மவுன்ட்லயும் ஜர்னல (பாதில நின்ன மாத்தங்கள குறிச்சு வச்சிருக்குற பதிவு) ஓட்டி டிஸ்க்ல எழுதும். ஜர்னல ஓட்டாதன்னு சொல்ற நோலோடும் சேத்துப் போடணும். அதவிட டிஸ்க்கயே பிளாக்டெவ் கமாண்டுல செட்ஆர்ஓ பண்ணி, எழுதவே முடியாம பூட்டிட்டு தொடுங்க.

போட்டோரெக்க மொதல்லயே ஓட்டுறது

போட்டோரெக் ஃபைல மட்டும் தேடி எடுக்குற மென்பொருள், ஃபைல் வரும், பேரும் ஃபோல்டரும் வராது. மேல சொன்ன சேலை கலர் கதைதான். பேக்அப் சூப்பர்பிளாக் இருக்கு, 4கே பிளாக்னா பெரும்பாலும் 32768ம் நம்பர் பிளாக்ல மொதோ காப்பி, காப்பி இமேஜ்ல எஃப்எஸ்சிகேக்கு அந்த நம்பர குடுத்து பாத்துட்டு கடைசியா போட்டோரெக்குக்கு வாங்க.

எம்கேஇ2எஃப்எஸ்ல மைனஸ் என் மறக்குறது

இது ஃபார்மேட் பண்ற கமாண்டு, மைனஸ் என் போட்டாத்தான் எழுதாம வெவரத்த மட்டும் காட்டும், மறந்தா சூப்பர்பிளாக் எடம் பாக்கப் போயி ஃபார்மேட் பண்ணிட்டு வருவீங்க.

மீட்டத அதே டிஸ்க்ல சேவ் பண்றது

வேணாம்யா.

உசிலம்பட்டி தம்பி டிஸ்க்கு டிடிரெஸ்க்யூல மூணாவது நாளா ஓடிக்கிட்டிருக்கு, சூடாகுதுன்னு டேபிள் ஃபேனுக்கு முன்னாடி வச்சிருக்கேன். நேத்து சாயங்காலம் கரண்டு போயி இன்வெர்ட்டரும் கை விட்டுருச்சு, வந்ததும் அதே கமாண்ட திரும்ப அடிச்சேன், 83 சதவீதத்துல இருந்து ஆரம்பிச்சுது. பய தெனம் மூணு தடவ போன் போட்டு "எத்தனண்ணே"ன்னு கேக்குறான்.