பேட்டரி செயின் சா பயன்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முருங்கைக் கொப்பு கழிக்க, வேலியோரச் சீமைக்கருவேலத்தை அகற்ற, காற்றில் சாய்ந்த தென்னையைத் துண்டு போட என்று இப்போது பல வீடுகளில் பேட்டரி செயின் சா வாங்கி வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் மெஷினைப் பழகிய ஆள்தான் தொடுவார். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும், அது போடுகிற சத்தத்திலேயே பக்கத்தில் நிற்பவர் விலகிவிடுவார். பேட்டரி மெஷினில் இந்தத் தடை எதுவும் இல்லை. பட்டனை அழுத்தினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. சத்தம் நின்றதும் மெஷினே அணைந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. பேட்டரி உள்ளே இருக்கும்வரை அது அணையவில்லை, அடுத்த அழுத்தலுக்குத் தயாராக நிற்கிறது. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு நினைப்பிலிருந்து வந்தவை.

அதனால் முதல் விஷயம்: பேட்டரியைக் கழற்றாமல் செயினில் கை வைக்கக் கூடாது. செயினை இறுக்கும்போது, சிக்கிய நாரை எடுக்கும்போது, எண்ணெய் ஊற்றும்போது, இன்னொருவர் கையில் கொடுக்கும்போது, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தூக்கிப் போகும்போது என எப்போதும் பேட்டரி வெளியே இருக்கட்டும். 'ஒரு நிமிஷம்தானே' என்று விடுகிற இடத்தில்தான் விரல் போகிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பேட்டரியையும் மெஷினையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள்.

ஒரு கையில் மெஷின், மறு கையில் கிளை

4 இஞ்ச், 6 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) உள்ள மினி செயின் சாக்கள் ஒற்றைக் கையில் பிடிக்கும் எடையில் வருகின்றன. விளம்பரப் படங்களிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். பார்க்கிறவர்கள் இடது கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அறுக்கிறார்கள். கிளை அறுந்த அந்த நொடியில் அதுவரை கொடுத்த அழுத்தம் முழுவதும் விடுபட்டு, மெஷின் முன்னே பாயும். அங்கே இருப்பது உங்கள் இடது கை. இந்த வகை மெஷின்களில் பலவற்றில், ஓடும் செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக்கே இல்லை. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது விலையை அல்ல, முன்பிடியில் இருக்கும் கைக்குக் காப்புத் தடுப்பும் செயின் பிரேக்கும் இருக்கின்றனவா என்பதைத்தான்.

இரண்டு கைப்பிடி உள்ள மெஷினில் வலது கை பின்பிடியில், இடது கை முன்பிடியில் இருக்க வேண்டும். இடது கைக்காரர்களுக்கும் இதே முறைதான். இடது கட்டைவிரல் பிடியைச் சுற்றி அடியில் வளைந்திருக்கட்டும். செயின் ஓடும் கோட்டுக்கு நேர் பின்னால் தலையையும் உடலையும் வைக்காமல், சற்று இடப்புறம் தள்ளி நில்லுங்கள்.

இதற்குக் காரணம் பின்னுதைப்பு. பாரின் மூக்கில், அதாவது நுனியில், மேல் பாதி எங்காவது கெட்டியாகப் பட்டால், ஓடும் செயின் அந்த இடத்தைப் பற்றிக்கொண்டு மொத்த மெஷினையும் மேல்நோக்கி உங்கள் முகம், கழுத்துப் பக்கம் தூக்கி எறியும். கண் இமைப்பதற்குள் நடந்துவிடும், பலத்தால் அடக்க முடியாது. அடர்ந்த கிளைகளுக்குள் பாரை நுழைக்கும்போது, பின்னால் மறைந்திருக்கும் இன்னொரு கொப்பில் மூக்கு இடிப்பதுதான் பெரும்பாலும் இதைத் தொடங்கி வைக்கிறது. சீமைக்கருவேலம் ஒரே தூரிலிருந்து பல கிளையாகப் பிரிந்து பின்னிக்கிடக்கும் மரம் என்பதால் அங்கே இந்த ஆபத்து கூடுதல். மெல்லிய வெளிக்கொப்புகளை அரிவாளால் கழித்து, உள்ளே பார்வை போகும்படி செய்துவிட்டு, அப்புறம் மெஷினை எடுங்கள்.

ஏணி மேல் நின்று அறுப்பதும், தோளுக்கு மேலே மெஷினைத் தூக்கி அறுப்பதும் வேண்டவே வேண்டாம். எட்டாத கிளைக்கு நீளக் கம்பில் பொருத்திய மெஷின் தனியாகக் கிடைக்கிறது. மின்கம்பி பக்கத்தில் போனால், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் தொடாதீர்கள். பேட்டரியில் ஓடுவதால் ஷாக் அடிக்காது என்று சிலர் நம்புகிறார்கள். கம்பியில் சாய்ந்த பச்சைக் கிளை வழியாகவே மின்சாரம் வந்துவிடும்.

உடை விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் பெரிய தொல்லை. லுங்கி, தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா, ரப்பர் செருப்பு எதுவும் ஆகாது. உடம்போடு ஒட்டிய முழுக்கால் சட்டை, முன்பக்கம் கெட்டியான ஷூ, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, இவ்வளவாவது வேண்டும். தனியாக வேலை செய்யாதீர்கள். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழைக்க ஒரு ஆள் அருகில் இருக்க வேண்டும்.

சாய்ந்து கிடக்கும் மரம்

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது பார்த்தவர்களுக்குத் தெரியும், விழுந்த மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, வளைந்து, முறுக்கேறிக் கிடக்கும். அப்படிப்பட்ட மரத்தை எந்தப் பக்கம் முதலில் அறுப்பது என்று யோசிக்காமல் பாரை வைத்தால், ஒன்று பார் இறுகச் சிக்கும், இல்லையென்றால் மரம் துள்ளி ஆளை அடிக்கும்.

இரண்டு முனையும் எதன் மேலாவது தாங்கி, நடுப்பகுதி அந்தரத்தில் இருந்தால் மேல்பக்கம் நெருக்குண்டு கிடக்கும், அடிப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை காற்றில் நீட்டிக்கொண்டிருந்தால் தலைகீழ்: முதலில் அடியில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. பார் சிக்கிக்கொண்டால் பட்டனை அழுத்தி அழுத்தி உருவப் பார்க்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெட்டு வாயில் ஆப்பு அடித்து எடுங்கள். நிற்கும் பெரிய மரத்தை அடியோடு சாய்ப்பது இதிலெல்லாம் சேராது. அதைத் தொழில்காரர்களிடம் விடுவதுதான் சரி.

மழுங்கிய செயினும் வீண்பழி சுமக்கும் பேட்டரியும்

'புது மெஷின், பத்து நிமிஷத்தில் நின்றுவிடுகிறது, பேட்டரி சரியில்லை' என்று குறைப்படுகிறவர்கள் முதலில் கீழே விழும் தூளைப் பார்க்க வேண்டும். கூரான செயின் சிறு சிறு சீவலாகத் தள்ளும். மழுங்கிய செயின் மாவு மாதிரி தூளைக் கொட்டும். செயின் மழுங்கினால் நாம் அமுக்குகிறோம், அமுக்கினால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கிறது, பேட்டரி சூடாகிறது, பாதுகாப்புச் சுற்று மெஷினை நிறுத்துகிறது. பழி பேட்டரி மேல் விழுகிறது.

ஓடும் செயின் ஒரே ஒரு முறை மண்ணைத் தொட்டால் போதும், பற்களின் கூர் போய்விடும். பட்டையில் ஏறியிருக்கும் கரையான் மண்ணும் அதே வேலையைச் செய்யும். அறுக்கும் இடத்தைத் துடைப்பத்தால் தட்டிவிடுங்கள். சாலையோர வேம்பில் போர்டு மாட்டிய ஆணிகளும், வேலி மரத்துக்குள் புதைந்த கம்பியும் இருக்கும். தேடிப் பார்த்துவிட்டு வையுங்கள்.

கூர் தீட்ட உருண்டை அரம் வேண்டும். செயினின் கண்ணி அளவுக்கு (இஞ்சில் சொல்வார்கள்) ஏற்ப அரத்தின் விட்டம் மாறும்: 3/8 லோ புரொஃபைல் வகைக்குப் பொதுவாக 4 மி.மீ., .325 வகைக்கு 4.8 மி.மீ. உள்ளிருந்து வெளியே, முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கைத் தள்ளல். ஒரு பக்கம் குட்டையாகிவிட்டால் வெட்டு கோணலாகப் போகும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு திமிலை வேகம் வரட்டும் என்று தாறுமாறாக அராவுகிறவர்கள் உண்டு. அது பல்லை மரத்தில் ஆழமாகக் கடிக்கவிட்டுப் பின்னுதைப்பைக் கூட்டிவிடும்.

செயினை மாற்றும்போது மேல்பக்கப் பற்கள் மூக்கை நோக்கியிருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் அறுக்காது, புகைதான் வரும். இறுக்கத்துக்கு ஒரு சோதனை: பாரின் நடுவில் செயினை இழுத்து விட்டால் சட்டென்று திரும்பி ஒட்ட வேண்டும், கையுறைக் கையால் நகர்த்தினால் தடையில்லாமல் ஓட வேண்டும். புதுச் செயின் முதல் சில நிமிடங்களிலேயே நீளும், நிறுத்திப் பாருங்கள். வேலை முடிந்ததும் சற்றுத் தளர்த்தி வையுங்கள். சூட்டில் நீண்ட செயின் ஆறும்போது சுருங்கிப் பாரை இறுக்கும்.

எண்ணெயில் நடக்கும் தவறு, வண்டியில் வடித்த பழைய ஆயிலை ஊற்றுவது. அதில் உலோகத் துகளும் தோலுக்குக் கெடுதலான பொருள்களும் இருக்கின்றன. ஓடும் செயின் அதை உங்கள் மேலும் மண்ணிலும் தெளிக்கும். சமையல் எண்ணெய் ஊற்றி எடுத்து வைத்தால் பாரின் பள்ளத்தில் பிசினாக இறுகும். தேங்காய் எண்ணெய் நீலகிரிக் குளிரில் உறைந்தே போகும். செயின் ஆயில் என்றே விற்பதை வாங்குங்கள். மினி மெஷின்கள் பலவற்றில் தானாக எண்ணெய் இறங்கும் வசதி கிடையாது, சில நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்திச் சொட்டுவிட வேண்டும். தென்னை அறுத்த நாளில் செயினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே அடைத்த நாரை எடுங்கள். பாரை அவ்வப்போது புரட்டி மாட்டினால் இரு விளிம்பும் சமமாகத் தேயும்.

பேட்டரியைப் பொறுத்தவரை, மேலே ஒட்டியிருக்கும் 48V, 88V போன்ற எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். 5 லித்தியம் செல்களை வரிசையாகக் கோத்த பேட்டரி முழுச் சார்ஜில் 21 வோல்ட்தான் தரும். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ஆறவிடுங்கள். வெயிலில் நிற்கும் கார், தகரக் கொட்டகை இரண்டுமே அதற்கு எதிரி. மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். உப்பிய பேட்டரியை, கீழே விழுந்து விரிசல் விட்டதை, மழையில் நனைந்ததை மறுபடி சார்ஜ் போடக் கூடாது. குப்பையிலும் பழைய இரும்புக் கடையிலும் போடாமல், மின்கழிவு சேகரிப்பு இடத்திலோ வாங்கிய கடையிலோ கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு.