ஸ்கூட்டர் பெல்ட் சத்தம்: வேலை பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கியர் இல்லாத ஸ்கூட்டரில், இன்ஜின் இழுவையை முன்புல்லியிலிருந்து பின்புல்லி வழியாகப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் பெல்ட் இடதுபக்க மூடிக்குள் இருக்கிறது. அந்த மூடியைக் கழற்றப் பழகும் பையன்களைப் பார்த்தால், நாங்கள் பழகிய காலத்துத் தவறுகள் ஒன்றுகூட மாறவில்லை. போல்ட்டைத் தொலைப்பது, கேஸ்கெட்டைக் கிழிப்பதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சத்தம் வந்தாலே பெல்ட்தான் என்று முடிவுகட்டுவது

சத்தம் எப்போது வருகிறது என்று வண்டிக்காரரிடம் முதலில் கேளுங்கள். ஐடிலில் கடகடவென்று வந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் அடங்கினால் பெரும்பாலும் வேரியேட்டர் (முன்புல்லி) உள்ளே இருக்கும் ரோலரோ ஸ்லைடு பீஸோ தேய்ந்திருக்கும். வண்டி கிளம்பும்போது மட்டும் உதறினால் கிளட்ச் ஷூவையும், அது உரசிப் பிடிக்கும் கிண்ணமான கிளட்ச் பெல்லையும் பாருங்கள். வேகம் ஏற ஏற ஊளையிடுகிறதா? இன்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அப்போது கிளட்ச் பெல் வரைதான் சுழலும், பெல்ட் அசையாது. அதிலேயே கரகரப்பு கேட்டால் பெல்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, சக்கரம் அல்லது கியர்பாக்ஸ் பேரிங்கைத் தேடுங்கள்.

கிரீச் சத்தத்துக்கு எதையாவது தடவுவது

பெல்ட்டில் எதையும் தடவாதீர்கள். பக்கவாட்டில் கவ்வித்தான் அது இழுக்கிறது, வழுக்கினால் வேலை முடிந்தது.

பெல்ட் தட்டுகளுக்கு நடுவில் சிக்கியிருக்க, முன்புல்லி நட்டை முறுக்குவது

இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். சமீபத்தில் உணவு டெலிவரி செய்யும் தம்பி ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். எங்கோ புது பெல்ட் போட்டிருக்கிறார்கள், சில நாளிலேயே கடகடவென்று சத்தம். மூடியைத் திறந்தால் கிராங்க் (முன்புல்லி உட்காரும் இன்ஜின் தண்டு) முனையைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள். நட் விரலாலேயே சுழன்றது. கிராங்கில் புல்லித் தட்டைப் பிடிக்கும் ஸ்ப்லைன் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகத் தேய்ந்திருந்தன. பெல்ட் சில நூறு ரூபாய். கிராங்க் மாற்ற இன்ஜினையே இறக்கிப் பிரிக்க வேண்டும். அத்தனை நாளும் அவருக்கு வருமானம் கிடையாது.

நடந்தது இதுதான். பின்புல்லியின் இரண்டு தட்டுகளையும் ஸ்பிரிங் நெருக்கி வைத்திருப்பதால் பெல்ட் அங்கே விளிம்பில் நிற்கும். அப்படியே முன்பக்கம் மாட்டினால் பெல்ட் விறைப்பாக இருக்கும், முன்புல்லியின் வெளித்தட்டான ஃபேன் தட்டு, உள்ளே கிராங்கின் மேல் இருக்கும் புஷ்ஷில் (குழாய் போன்ற துண்டு) போய் உட்காராது. நட் இறுகியதாகக் கைக்குத் தெரியும். உண்மையில் அது இறுக்கிப் பிடித்திருப்பது பெல்ட்டை. வண்டி ஓடி பெல்ட் இடம் மாறியதும் பிடிப்பு போய்விடும், தட்டு ஆடி ஆடி ஸ்ப்லைனைத் தின்றுவிடும். ஏர் கன் (காற்றழுத்தத்தில் நட் முறுக்கும் கருவி) வைத்து முறுக்கினால் இந்த வித்தியாசம் கைக்குத் தெரியவே தெரியாது.

சரி, எப்படிச் செய்வது? பின்புல்லித் தட்டுகளைக் கையால் விலக்கி, பெல்ட்டை ஆழத்தில் அழுத்திவிடுங்கள். முன்பக்கம் தொய்வு கிடைக்கும். அப்புறம் ஃபேன் தட்டு புஷ்ஷில் முட்டுகிறதா என்று கண்ணால் பார்த்து, நட்டைக் கையால் கடைசிவரை ஏற்றுங்கள். தட்டு சுழலாமல் ஹோல்டர் போட்டுப் பிடித்து, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் (முறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். ஃபேன் இறக்கையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகினால் இறக்கை உடையும். முறுக்கி முடித்த பிறகும் முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று அசைய வேண்டும். அசையாவிட்டால் கழற்றி மறுபடி மாட்டுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஒரு ரோலரை மட்டும் மாற்றுவது

வேண்டாம், செட்டாகவே மாற்றுங்கள்.

கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதுவது

நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடையுங்கள்.

மழைநீரில் போன வண்டி

தேங்கிய நீரில் போய்வந்த வண்டி கிரீச்சிட்டால் உடனே புது பெல்ட் விற்காதீர்கள். மூடியைத் திறந்து, புல்லி முகங்களைத் துடைத்துக் காயவிட்டு ஓட்டிப் பாருங்கள். பெல்ட்டின் பக்கவாட்டில் கண்ணாடி போலப் பளபளப்போ, பல் இடுக்கில் வெடிப்போ இருந்தால் மாற்ற வேண்டும். அகலத்தையும் வெர்னியரால் அளந்து கையேட்டு வரம்போடு ஒப்பிடுங்கள், குறைந்திருந்தாலும் மாற்றுங்கள். பழையதையே போடுவதானால், கழற்றும் முன்பே ஓடும் திசையைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.