இறக்கக் கணக்குகளைச் சக்திக் காப்பு விதியால் தீர்க்கும் முறை

தெமோதரை நிலையத்தை விட்டுப் பதுளைப் பக்கம் இறங்கும் புகையிரதப் பாதை, மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. இந்தத் தூரத்தில் ஒரு பெட்டியின் மீது ஈர்ப்பு விசை செய்யும் வேலையைக் கணிக்க, தண்டவாளத்தின் நீளமோ வளைவோ தேவையில்லை. மேல் தண்டவாளத்துக்கும் கீழ்த் தண்டவாளத்துக்கும் இடையிலான நிலைக்குத்து உயரமும் பெட்டியின் திணிவும் தெரிந்தால் போதும். சக்தி ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாறலாம், ஆனால் மொத்தம் மாறாது என்னும் சக்திக் காப்பு விதியைக் கொண்டு கணக்குச் செய்வதன் வசதி முழுவதும் இதில்தான் இருக்கிறது.

லயத்துப் பிள்ளைகள் பழைய பெயாரிங்குகளைச் சில்லாக மாட்டிச் செய்யும் பலகை வண்டியை எடுத்துக்கொள்வோம். பிள்ளையோடு சேர்த்து அதன் திணிவு 40 கிலோகிராம். வளைந்து நெளிந்து 64 மீற்றர் நீளும் பாதையில் அது ஓய்விலிருந்து புறப்பட்டு, நிலைக்குத்தாக 5 மீற்றர் இறங்குகிறது. உராய்வு இல்லையெனில் அடிவாரத்தில் அதன் கதி என்ன?

முதலாவதாக, இரண்டு கணங்களைத் தெரிவு செய்யுங்கள்: வண்டி புறப்படும் கணம், அடிவாரத்தை அடையும் கணம். இடையில் நடப்பதை எழுத வேண்டாம். விசைகளைக் கூறாக்கி ஆர்முடுகல் தேடப் புறப்படும் மாணவர், சாய்வு மாறும் ஒவ்வோர் இடத்திலும் புதிய சமன்பாடு எழுத வேண்டி வந்து பாதியிலேயே களைத்துப் போவதை வகுப்பில் அடிக்கடி பார்க்கிறேன்.

இரண்டாவதாக, உயரத்தைச் சுழியம் என்று கொள்ளும் மட்டத்தைக் குறியுங்கள். அது கடல் மட்டமாக இருக்க வேண்டியதில்லை. இங்கே அடிவாரமே வசதியானது. ஒருமுறை குறித்த மட்டத்தைக் கணக்கின் நடுவில் மாற்றக் கூடாது.

மூன்றாவதாக, இரு கணங்களிலும் உள்ள சக்தியை எழுதுங்கள். அழுத்த சக்தி என்பது திணிவு × ஈர்ப்பு ஆர்முடுகல் × உயரம். இயக்க சக்தி என்பது ½ × திணிவு × கதி². ஈர்ப்பு ஆர்முடுகலைச் செக்கனுக்குச் செக்கன் 10 மீற்றர் என எடுத்தால், மேலே 40 × 10 × 5 = 2000 யூல் அழுத்த சக்தி உண்டு, இயக்க சக்தி இல்லை. கீழே அந்த 2000 யூலும் இயக்க சக்தியாக இருக்கும். எனவே ½ × 40 × கதி² = 2000; கதி செக்கனுக்கு 10 மீற்றர். சமன்பாட்டின் இரு பக்கத்திலும் திணிவு இருப்பதால் அது வெட்டுப்பட்டுவிடும். ஆகவே பெரியவர் ஒருவர் ஏறினாலும் இதே விடைதான்.

இனி மாணவர் பலர் வழுக்கும் இடத்துக்கு வருவோம். புறப்படும்போதே வண்டியைத் தள்ளி, செக்கனுக்கு 2 மீற்றர் கதியைக் கொடுத்தால் அடிவாரத்தில் 10 + 2 = 12 என்று எழுதிவிடுகிறார்கள். கூட்ட வேண்டியவை கதிகள் அல்ல, சக்திகள். தள்ளியதால் கிடைத்தது ½ × 40 × 2² = 80 யூல்; மொத்தம் 2080 யூல். ஆகவே கதி² = 104, கதி ஏறத்தாழ 10.2. மேலே கொடுத்த 2 மீற்றர், கீழே வெறும் 0.2 ஆகிவிடுகிறது.

நான்காவதாக, உராய்வு உண்டா என்று கேளுங்கள். தள்ளாமல் விட்ட அதே வண்டி அடிவாரத்தில் செக்கனுக்கு 6 மீற்றர் கதியுடன்தான் வந்தது என்றால், இயக்க சக்தி 720 யூல் மட்டுமே. மீதி 1280 யூல் உராய்வுக்கு எதிராகச் செலவாகி வெப்பமாகியுள்ளது. இப்போதுதான் பாதையின் நீளம் தேவைப்படுகிறது: 1280 ÷ 64 = 20 நியூற்றன், இதுவே சராசரி உராய்வு விசை. (சில்லுகள் சுழல்வதற்கான சிறு சக்தியை இங்கே விட்டுவிட்டோம்.)

தலவாக்கலைப் பக்கத்து டெவன் நீர்வீழ்ச்சியின் உயரம் 97 மீற்றர். இதே முறையில் நீரின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 44 மீற்றர் என்று வரும். ஆனால் காற்றின் தடையால் உண்மையில் நீர் அவ்வளவு வேகமாக விழுவதில்லை. ஒவ்வொரு கிலோகிராமும் இழக்கும் 970 யூலும் அந்த நீரிலேயே வெப்பமாகத் தங்கினால், 970 ÷ 4200 என்ற கணக்கில் (ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4200 யூல் வேண்டும்) வெப்பநிலை 0.23 பாகை செல்சியசு உயரும்.

உயரம் பூமியின் ஆரையோடு, அதாவது சுமார் 6370 கிலோமீற்றரோடு, ஒப்பிடத்தக்கதாக ஆகும்போது மேலே சொன்ன அழுத்த சக்திச் சூத்திரம் பிழைக்கும். 2524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை உச்சியில்கூட அந்தக் கவலை இல்லை. ஆனால் வளிமண்டலத்தைப் புறக்கணித்து, ஒரு பொருளைச் செக்கனுக்கு 7.9 கிலோமீற்றர் கதியில் நேர்மேலே எறிவதாகக் கொண்டால், பழைய சூத்திரம் அது பூமியின் ஆரையில் பாதி உயரம் போகும் என்று சொல்லும். மேலே போகப் போக ஈர்ப்பு தளர்வதை அது கணக்கில் எடுப்பதில்லை. அழுத்த சக்தியை, ஈர்ப்பு மாறிலியைப் பூமியின் திணிவாலும் பொருளின் திணிவாலும் பெருக்கி, பூமியின் மையத்திலிருந்துள்ள தூரத்தால் வகுத்து, முன்னால் மறைக்குறி இட்டு எழுதுங்கள். படிகள் நான்கும் அப்படியே இருக்க, விடை மட்டும் இரட்டிப்பாகி, முழு ஆரை அளவு உயரம் என்று வரும்.