சூழ்நிலை மண்டலப் பாடத்தில் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூழ்நிலை மண்டலத்தையும் பல்லுயிர்த் தொகுதியையும் ஒன்றாகக் கருதி எழுதுவது விடைத்தாள்களில் அடிக்கடி காணப்படும் தவறு. ஓரிடத்தில் வாழும் உயிரினங்களையும், மண், நீர், ஒளி, வெப்பம் முதலிய உயிரற்ற கூறுகளையும், இவற்றுக்கிடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலையும் சேர்த்து ஒரே அமைப்பாகக் காண வேண்டும் என்று 1935இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி முன்வைத்த கருத்தே சூழ்நிலை மண்டலம். அந்த வகையில் ஊர்க் குளமும் ஒரு சூழ்நிலை மண்டலம்தான். மீனையும் தாமரையையும் பாசியையும் பட்டியலிட்டுவிட்டு, நீரில் கரைந்த ஆக்சிஜனையும் அடிச்சேற்றையும் விட்டுவிடும் விடை பாதி விடையே. பல்லுயிர்த் தொகுதியோ, ஒத்த தட்பவெப்பத்தால் ஒத்த தாவர அமைப்பைப் பெற்ற பெரும் நிலப்பரப்புகளைக் குறிக்கிறது. அமேசானில் கொரில்லா இல்லை, காங்கோவில் ஜாகுவார் இல்லை. எனினும் இரண்டும் வெப்பமண்டல மழைக்காடுகளே. விலங்குகள் வேறுபடுவதால் தொகுதியும் வேறு என்று முடிவு செய்யக் கூடாது.

பாலைவனத்தை வெப்பத்தால் அடையாளம் காண்பதும் பிழை. ஆண்டுக்கு ஏறத்தாழ 250 மில்லிமீட்டருக்கும் குறைவான மழையோ பனியோ பெறும் வறட்சியே பொதுவான அளவுகோல். அதனால் அண்டார்க்டிகாவின் உட்பகுதியும் பாலைவனமாகக் கொள்ளப்படுகிறது.

உணவுச் சங்கிலி வரையும்போது வெட்டுக்கிளியிலிருந்து புல்லை நோக்கி அம்புக்குறி இடுவோர் பலர். அம்பு காட்டுவது ஆற்றல் செல்லும் திசையை. ஆகவே அது புல்லிலிருந்து வெட்டுக்கிளிக்கும், அதிலிருந்து தவளைக்கும் செல்ல வேண்டும். இதைவிட ஆழமான குழப்பம், சிதைப்போர்கள் இறந்த உடல்களின் ஆற்றலை மண்ணுக்குத் திருப்பித் தருவதாகவும், அதை வேர்கள் உறிஞ்சிக்கொள்வதாகவும் எண்ணுவது. பாக்டீரியாவும் பூஞ்சையும் மண்ணுக்குத் திருப்பித் தருபவை நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற ஊட்டப்பொருள்களை மட்டுமே. ஆற்றலை அவையும் தம் உயிர்வாழ்வுக்குச் செலவிட்டு வெப்பமாக வெளியேற்றிவிடுகின்றன. அந்த வெப்பத்தைக் கொண்டு எந்தத் தாவரமும் உணவு தயாரிக்க முடியாது என்பதால்தான், பொருள்கள் சுழன்றுகொண்டிருக்க, ஆற்றல் மட்டும் சூரியனிலிருந்து ஒவ்வொரு நாளும் புதிதாக வந்தாக வேண்டியிருக்கிறது.

1942இல் வெளிவந்த அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டமனின் ஆய்வோடு இணைத்துக் கற்பிக்கப்படும் பத்து விழுக்காட்டு விதியையும் கவனத்துடன் கையாள வேண்டும். தாவரங்களில் 10,000 கிலோஜூல் சேமிக்கப்பட்டிருந்தால் தாவர உண்ணிகளுக்கு ஏறத்தாழ 1,000, அவற்றைத் தின்பவற்றுக்கு 100 என்பது கணக்கு. இதையே சூரிய ஒளியிலிருந்து தொடங்கிப் போடுவது தவறு. தாவரங்கள் சேமிப்பது அவற்றின்மேல் விழும் ஒளியில் பொதுவாக 1 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். பத்து என்பதும் ஒரு சராசரி மதிப்பீடே தவிர மாறாத எண் அன்று. உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு நிலையிலும் உள்ள உயிரினங்களின் மொத்த எடையைக் காட்டும் உயிரித்திரள் பிரமிடு கடலில் சில இடங்களில் தலைகீழாக அமைவதைக் கண்டு, ஒவ்வொரு நிலைக்கும் வரும் ஆற்றலைக் காட்டும் ஆற்றல் பிரமிடும் அவ்வாறே கவிழும் என எழுதிவிடக் கூடாது. கடல்நீரில் மிதக்கும் நுண்ணிய மிதவைத் தாவரங்கள் சில நாள்களுக்குள் பெருகி உண்ணப்பட்டுவிடுவதால் எந்த நேரத்திலும் அவற்றின் எடை குறைவாகத் தெரிகிறது. ஆண்டு முழுவதும் அவை உருவாக்கும் ஆற்றலோ அவற்றைத் தின்பவை பெறுவதைவிட மிக அதிகம்.

மரமில்லாத நிலமெல்லாம் அழிந்துபோன காடு என்ற எண்ணம் தேர்வுத்தாளோடு நிற்காமல் நிலத்தையே மாற்றியிருக்கிறது என்பதால், அதை மிகக் கெடுதலான தவறாகக் கருதுகிறேன். நீலகிரியின் உயரமான பகுதிகளில் பள்ளங்களில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியும் அருகருகே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்து வருகின்றன. திறந்த சரிவுகளில் இரவில் படியும் உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆங்கிலேயர் காலத்திலும் அதன் பின்னரும் இப்புல்வெளிகள் வீண் நிலமாக மதிக்கப்பட்டு, அங்கே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைல மரமும் சீகை மரமும் (வாட்டில்) நடப்பட்டன. சீகை தானாகவே பரவி, நம் மாநில விலங்கான வரையாடு மேயும் பரப்பைச் சுருக்கிவிட்டது. இப்போது அந்த மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணி நடக்கிறது. எனவே மரம் நடுவதன் பயன் குறித்த வினாவுக்கு விடை எழுதும்போது, அந்த இடத்தின் இயல்பான தாவர அமைப்பு காடா, புல்வெளியா, முட்புதரா என்பதை முதலில் குறிப்பிட்டுவிட்டே மேற்கொண்டு எழுத வேண்டும்.