பெண் சமத்துவ வழக்குகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டக் கல்லூரிக் கட்டுரைகளிலும் மகளிர் தினச் சிறப்பிதழ்களிலும் ஒரே ஐந்தாறு தீர்ப்புகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைப் பற்றிய அதே ஐந்தாறு தவறுகளும் கூடவே வருகின்றன. ஆண்டை மாற்றி எழுதுவது, நீதிபதியின் பெயரைக் குழப்பிக்கொள்வது போன்றவற்றை ஒருமுறை சரிபார்த்தால் திருத்திவிடலாம். அவற்றை இங்கே எடுக்கவில்லை. தோற்ற வழக்கை வென்ற வழக்காக எழுதவைக்கும் தவறுகளைத்தான் சொல்லப்போகிறோம்.

மேற்கோளைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பை விட்டுவிடுவது

மிகப் பெரிய தவறு இதுதான். அதற்கு அதிகம் இரையாகியிருப்பது ஏர் இந்தியா எதிர் நர்கேஷ் மீர்சா வழக்கு. உச்ச நீதிமன்றம் 1981 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. கர்ப்பமான விமானப் பணிப்பெண்ணை வேலையிலிருந்து அனுப்புவது இந்தியப் பெண்மைக்கே அவமானம் என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரியை எடுத்துப் போட்டு, 'பணிப்பெண்கள் வென்றார்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். தீர்ப்பை முழுதாகப் படித்த யாரும் அப்படி எழுத முடியாது.

பணிப்பெண்கள் எதிர்த்த, ஏர் இந்தியாவின் பணி ஒழுங்குவிதி 46-ஐ முதலில் பாருங்கள். 35 வயது நிறைந்தால், அல்லது பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்தால், அல்லது முதல் முறை கர்ப்பமானால், இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது பணிப்பெண் ஓய்வு பெற வேண்டும். விதி 47-இன்படி நிர்வாக இயக்குநர் விரும்பினால் ஒவ்வோர் ஆண்டாக, மொத்தம் பத்து ஆண்டுகள் வரை நீட்டிப்புக் கொடுக்கலாம். அதே விமானத்தில், அதே பயணிகளைக் கவனித்துக்கொள்ளும் ஆண் பணியாளருக்கு ஓய்வு வயது 58.

நீதிமன்றம் ரத்து செய்தது இரண்டை மட்டும்தான். ஒன்று, முதல் கர்ப்பத்தோடு பணி முடியும் என்ற விதி. மற்றொன்று, நீட்டிப்பை நிர்வாக இயக்குநரின் விருப்பத்துக்கு விட்ட வரம்பில்லாத அதிகாரம். இரண்டும் வீழ்ந்தது அரசமைப்பின் பிரிவு 14-இன்கீழ் (சட்டத்தின் முன் சமத்துவம்), தன்னிச்சையானவை என்பதால். பாலினப் பாகுபாடு என்ற காரணத்துக்காக எதுவும் வீழவில்லை. மூன்றாவது குழந்தைக்குப் பணியை முடிப்பதாக விதியைத் திருத்திக்கொள்கிறோம் என்று நிர்வாகம் சொன்னபோது அதை நீதிமன்றம் வரவேற்கவே செய்தது.

நான்கு ஆண்டுத் திருமணத் தடை அப்படியே நின்றது. 19 வயதில் வேலைக்குச் சேரும் பெண் 23 வயதில் திருமணம் செய்துகொள்ளலாம், அது அவள் உடல்நலத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கும் நல்லது என்பது தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. ஆண் ஊழியரின் திருமணத்தைப் பற்றி எந்த நிர்வாகமும் எந்த நீதிமன்றமும் இப்படிக் கவலைப்பட்டதில்லை.

ஆணுக்கு 58, பெண்ணுக்கு 35 என்பது எப்படி நின்றது? பணிப்பெண்களும் ஆண் பணியாளர்களும் வெவ்வேறு வகுப்பினர் என்றது நீதிமன்றம். ஆளெடுக்கும் முறை, தொடக்கச் சம்பளம், பதவி உயர்வு எல்லாம் வேறு வேறாக இருப்பதால் இருவரையும் ஒப்பிட முடியாதாம். அந்த வேறுபாடுகளை உண்டாக்கியதே நிர்வாகம்தான். பெண்களைத் தனிப் பெயரில், தனிச் சம்பளத்தில் வேலைக்கு எடுத்துவிட்டு, அந்த வேறுபாட்டையே பாகுபாட்டுக்கு நியாயமாகக் காட்டினால் சமத்துவப் பிரிவால் எந்தப் பெண்ணையும் காப்பாற்ற முடியாது.

அடுத்தது 'மட்டும்' என்ற சொல். பிரிவு 15(1) பாலினம் முதலானவற்றை 'மட்டும்' காரணமாகக் கொண்ட பாகுபாட்டைத் தடை செய்கிறது. பாலினத்தோடு வேறு காரணங்களும் சேர்ந்திருந்தால் தடை இல்லை என்று 1981 தீர்ப்பு கொண்டது. இந்த வாதம் புதிதும் அல்ல. கல்கத்தா உயர் நீதிமன்றம் 1951-லேயே, பாலினத்தோடு சொத்தும் சேர்ந்திருக்கிறது என்ற அடிப்படையில், பெண் வழக்காளிகளிடம் மட்டும் வழக்குச் செலவுக்கான பிணைத்தொகை கேட்க இடம் தந்த விதியை நிலைநிறுத்தியிருந்தது. கர்ப்பம், திருமணம், குடும்பப் பொறுப்பு என்று எதையாவது பாலினத்தோடு சேர்த்துச் சொல்வது எப்போதும் முடியும் என்பதால், இந்த வாசிப்பில் பிரிவு 15(1)-க்கு வேலையே இல்லாமல் போகிறது. 2018-இல், தன்பாலுறவைக் குற்றமாக்கிய பிரிவு 377 பற்றிய நவ்தேஜ் ஜோஹர் வழக்கில் நீதிபதி டி.ஒய். சந்திரசூட் இந்த வாசிப்பைத் தவறென்று வெளிப்படையாக எழுதினார். அது அவருடைய தனித் தீர்ப்புரையில் வருவது. அமர்வின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னதாக எழுதிவிடாதீர்கள்.

இதை வெற்றி என்று எழுதினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 2003-ஐப் பார்க்கட்டும். பணிப்பெண்கள் 50 வயதில் பறப்பதை நிறுத்த வேண்டும், ஆண்கள் 58 வரை பறக்கலாம் என்ற ஏற்பாட்டை பம்பாய் உயர் நீதிமன்றம் பாகுபாடு என்றது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அப்போது கைகொடுத்தது இதே 1981 தீர்ப்புதான். 'வென்ற' வழக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்தும் அதே பெண்களுக்கு எதிராகவே நின்றது.

ஆகவே, எழுதுமுன் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: எதிர்க்கப்பட்ட விதி, அதற்கு எதிர்த்தரப்பு சொன்ன காரணம், நீதிமன்றம் ஏற்றதா இல்லையா, எந்தப் பிரிவின்கீழ். மீர்சா வழக்குக்கு வயது, திருமணம், கர்ப்பம், நீட்டிப்பு அதிகாரம் என்று நான்கு வரிசை வரும். அரை மணி நேர வேலைதான். வரிசைகளை நிரப்பி முடிக்கும்போது, 'வென்றார்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் இந்தத் தீர்ப்பை அடக்க முடியாது என்பது தானே தெரிந்துவிடும்.

கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் விடுவது

சி.பி. முத்தம்மா வழக்கு, 1979. சென்னையில் படித்த, இந்திய வெளியுறவுப் பணிக்கு முதன்முதலாகத் தேர்வான பெண். பதவி உயர்வு மறுக்கப்பட்டதால் வழக்குப் போட்டார். திருமணம் செய்யுமுன் பெண் அதிகாரி எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும், திருமணமான பெண்ணுக்கு நியமனம் உரிமை ஆகாது என்றெல்லாம் பணி விதிகள் இருந்தன. நீதிபதி கிருஷ்ணய்யர் அவற்றைக் கடுமையாகச் சாடினார். அதைப் படித்துவிட்டு, விதிகளை நீதிமன்றம் ரத்து செய்தது என்று எழுதுகிறார்கள். நீதிமன்றம் எதையும் ரத்து செய்யவில்லை. விசாரணை நடக்கும்போதே அரசு முத்தம்மாவுக்குப் பதவி உயர்வு கொடுத்தது. ஒரு விதியை நீக்கிவிட்டதாகவும் மற்றதை நீக்கப்போவதாகவும் சொன்னது. மனு தள்ளுபடியானது. மனுவைத்தான் தள்ளுகிறோம், பிரச்சினையை அல்ல என்ற பொருளில் தீர்ப்பு முடிகிறது. வழக்குப் போட்டதாலேயே அரசு இறங்கிவந்தது என்பது உண்மையான சாதனை. அதை அப்படியே எழுதலாம், கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

எந்தச் சட்டத்தால் வென்றார் என்று பார்க்காதது

1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் நாலில் ஒரு பங்கு, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. பல ஏக்கர் ரப்பர் தோட்டம் இருந்தாலும் மகள் கைக்கு ஐயாயிரத்துக்கு மேல் வராது. மேரி ராய் இதை எதிர்த்து 1986-இல் வென்றார். சமத்துவ உரிமையின்கீழ் வென்றார் என்று எழுதுவது தவறு. 1951-இல் மத்தியச் சட்டம் திருவிதாங்கூர்-கொச்சிக்கு நீட்டிக்கப்பட்டபோதே அந்தப் பழைய சட்டம் நீங்கிவிட்டது, எனவே 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்பதுதான் தீர்ப்பு. அரசமைப்புக் கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. தனிநபர் சட்டங்களைச் சமத்துவப் பிரிவால் சோதிக்க முடியுமா என்ற கேள்விக்கு மேரி ராய் வழக்கை முன்னுதாரணமாகக் காட்டினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே நிமிடத்தில் அதை உடைத்துவிடுவார்.

'பெண்ணுக்குச் சாதகம்' என்றதும் நம்பிவிடுவது

தண்டனைச் சட்டப் பிரிவு 497 பிறன்மனை உறவுக்கு ஆணை மட்டும் தண்டித்தது. 1954-இல் யூசுஃப் அப்துல் அஜீஸ் வழக்கில், பெண்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் பிரிவு 15(3)-ஐக் காட்டி நீதிமன்றம் அதைக் காப்பாற்றியது. சலுகை போலத் தெரிந்த அந்தச் சட்டத்தில், கணவன் சம்மதித்திருந்தால் அது குற்றமே இல்லை. மனைவி புகார் கொடுக்கவும் வழியில்லை. மனைவியைக் கணவனின் உடைமையாக வைத்த சட்டம் 64 ஆண்டுகள் பாதுகாப்பு என்ற பெயரில் நீடித்து, 2018-இல் ஜோசப் ஷைன் வழக்கில்தான் வீழ்ந்தது.

விசாகா தீர்ப்பால் பன்வாரி தேவிக்கு நீதி கிடைத்தது என்பது

கிடைக்கவில்லை. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் பன்வாரி தேவி. 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களைப் பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க வழிகாட்டுதல்கள் தந்த 1997 விசாகா தீர்ப்பு தனி மனுவில் வந்தது.

'ரத்து' என்ற சொல்லை எல்லா இடத்திலும் போடுவது

கீதா ஹரிஹரன் வழக்கில் (1999) எதுவும் ரத்தாகவில்லை. இந்துக் குழந்தைகளின் காப்பாளர் பற்றிய சட்டத்தில், தந்தைக்குப் 'பின்' தாய் காப்பாளர் என்பதில் வரும் 'பின்' என்ற சொல்லுக்குத் தந்தை 'இல்லாத நிலையில்' என்று பொருள் கொண்டார்கள்.

தீர்ப்பு வந்த நாளோடு நிறுத்திவிடுவது

ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்கச் சொல்லி 2020 பிப்ரவரியில் வந்த பபிதா புனியா தீர்ப்போடு பலர் முடித்துக்கொள்கிறார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2010 மார்ச்சிலேயே அந்தப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. இடையில் போன பத்து ஆண்டுகளும் அவர்களுடைய பணிக்காலம்.

2020-க்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் படியுங்கள். ராணுவம் நிரந்தரப் பணிக்கு ஷேப்-1 என்ற மருத்துவத் தகுதியைக் கேட்டது. ஆண்களுக்கு அந்தச் சோதனை ஐந்தாவது அல்லது பத்தாவது பணியாண்டில், இளவயதிலேயே முடிந்திருந்தது. பெண்களை அதே அளவுகோலில் நாற்பதைத் தாண்டிய வயதில் அளந்தார்கள். அவர்களுடைய பணித்திறனை மதிப்பிடும் ஆண்டறிக்கைகளோ, நிரந்தரப் பணிக்கு வழியே இல்லை என்று இருந்த காலத்தில் மேலதிகாரிகள் அக்கறையில்லாமல் எழுதியவை. 2021 மார்ச்சில் நிதிஷா தீர்ப்பு இதை மறைமுகப் பாகுபாடு என்றது. எழுத்தில் எல்லோருக்கும் ஒரே விதியாக இருந்தாலும், அது யார்மேல் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்றது. பபிதா புனியா பற்றிக் குறிப்பெடுத்திருந்தால், அதே பக்கத்தில் நிதிஷாவுக்கும் இடம் விட்டுவையுங்கள்.