பல நாட்டு அலுவலகங்களின் கரிம உமிழ்வைக் கணக்கிடும் முறை: மின் பில்லை முதலில் படியுங்கள்

பல நாடுகளில் அலுவலகம் உள்ள ஒரு நிறுவனத்தின் கரிமக் கணக்கைச் சென்னையில் இருந்தபடி தொகுத்து வருகிறேன். முதல் ஆண்டு நான் கொடுத்த கணக்கைத் தணிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். அதைத் திருத்தும்போது உருவான முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லையை முடிவு செய்யுங்கள். உமிழ்வுக் கணக்குக்கான சர்வதேச விதிமுறையான ஜிஹெச்ஜி புரோட்டோகால் தரும் வழிகளில் "செயல்பாட்டுக் கட்டுப்பாடு" என்பதையே நான் பரிந்துரைப்பேன். வாடகைக் கட்டடத்தில் இருந்தாலும் விளக்கையும் ஏசியையும் இயக்குவது நாம்தான் என்பதால், அந்த மின்சாரம் நம் ஸ்கோப் 2 கணக்கில் (வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வு) வரும்.

அடுத்து, ஒவ்வோர் அலுவலகத்திலிருந்தும் பன்னிரண்டு மாத மின் பில்களின் நகலையே கேளுங்கள். எக்செல் படிவம் அனுப்பி எண்ணை நிரப்பச் சொன்னால், ஒருவர் யூனிட்டை எழுதுவார், இன்னொருவர் தொகையை எழுதுவார், மூன்றாமவர் இரண்டு மாத பில்லை ஒரு மாதத்துக்கு எழுதுவார். எண்களை நீங்களே பில்லிலிருந்து எடுத்து, பில் கோப்பின் பெயரை அதே வரிசையில் குறித்துவையுங்கள். இதற்கென விற்கப்படும் மென்பொருளை முதல் ஆண்டில் வாங்க வேண்டாம். தவறு எங்கே நுழைந்தது என்பது எக்செல்லில் கண்ணுக்குத் தெரியும்.

நான் இடறிய இடம் யூனிட்தான். தெலங்கானா, மகாராஷ்டிரா போன்ற மாநிலங்களில் உயர் அழுத்த இணைப்புகளுக்குக் கேவிஏஹெச் (வேலைக்குப் பயன்படாத பங்கையும் சேர்த்த அளவு) அளவில் கட்டணம் போடுகிறார்கள். உமிழ்வுக் காரணியோ (ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ உமிழ்வு என்ற எண்) கிலோவாட் மணிக்கு, அதாவது நாம் யூனிட் என்று சொல்வதற்கு, உரியது. பில்லில் 1,00,000 கேவிஏஹெச் என்று இருந்து, மின்திறன் காரணி (அதில் உண்மையில் பயன்பட்ட பங்கு) 0.95 என்றால், நாம் எடுக்க வேண்டியது 95,000 யூனிட். கவனிக்காமல் விட்டால் ஒரே பில்லில் சுமார் 3.5 டன் கூடுதலாக ஏறிவிடும். பெரும்பாலும் இரண்டு அளவுகளும் பில்லிலேயே அடுத்தடுத்து இருக்கும். தொகை கணக்கிடப்பட்ட வரியை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள்.

ஐடி பூங்காக்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கட்டட நிர்வாகம் தரும் பில்லில் "இபி யூனிட்" (மின்வாரியத்தினுடையது), "டிஜி யூனிட்" (டீசல் ஜெனரேட்டரினுடையது) என இரண்டு வரிகள் இருக்கும். ஜெனரேட்டர் கட்டட உரிமையாளருடையது என்றால் அதுவும் நமக்கு ஸ்கோப் 2 தான், ஆனால் காரணி வேறு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வரும், லிட்டருக்கு 3.3 யூனிட் கிடைப்பதாகக் கொண்டால் யூனிட்டுக்கு 0.81 கிலோ ஆகிறது. கட்டடத்தின் மொத்த டீசல் லிட்டரையும் கேட்டு வாங்கி, அதை ஸ்கோப் 1-இல் (நாமே எரிக்கும் எரிபொருள் போன்ற நேரடி உமிழ்வு) தனியாகச் சேர்த்து, ஒரே புகையை நான் இருமுறை எண்ணியிருந்தேன்.

யூனிட் சரியான பிறகு பெருக்கல் எளிது. இந்தியாவுக்கு மத்திய மின்சார ஆணையத்தின் தரவுத்தளத்தை எடுங்கள். யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ. பிரிட்டனில் அரசு ஆண்டுதோறும் வெளியிடும் காரணி 2024-இல் 0.2 கிலோவை ஒட்டி இருந்தது. அணுமின்சாரம் மிகுந்த பிரான்சில் இன்னும் குறைவு. உலகம் முழுவதற்கும் ஒரே சராசரியைப் போடுவது, சென்னை அலுவலகத்தின் சுமையை மறைத்துவிடும்.

ஏசி பராமரிப்பு ரசீதுகளையும் விடாதீர்கள். "கேஸ் டாப்-அப் 4 கிலோ, ஆர்-410ஏ" என்ற ஒரு வரி, ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் நான்காம் அறிக்கை தரும் 2,088 என்ற மதிப்பின்படி (கரியமில வாயுவைப் போல அத்தனை மடங்கு வெப்பமூட்டும்) 8.35 டன், இந்தியாவில் கிட்டத்தட்ட 12,000 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இந்த மதிப்பு அறிக்கைக்கு அறிக்கை மாறுவதால், எல்லா நாடுகளுக்கும் ஒரே அறிக்கையைப் பின்பற்றுங்கள்.

பிற்சேர்க்கை: பசுமை மின்சாரம் வாங்கும் அலுவலகத்துக்குச் சுழியம் போடலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். 2015-இல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டுதலின்படி இரண்டு எண்கள் தர வேண்டும். ஒப்பந்தமோ சான்றிதழோ கையில் இருந்தால் சந்தை அடிப்படையிலான எண்ணில் சுழியம் போடலாம்; இட அடிப்படையிலான எண்ணில் அந்த ஊர் மின்கட்டமைப்பின் காரணியே நிற்கும்.